அப்பாவின் சேமநிதியில் வாங்கிய கணினி

எங்கள் வீட்டின் முதல் கணினி அப்பாவின் ஊழியர் சேமநிதிப் பணத்தில் வந்தது. 2000-ஆம் ஆண்டு. எனக்கு 11 வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். லிஃப்ட் இல்லாத கட்டடம். கணினிப் பெட்டிகளை அப்பாவும் சித்தப்பாவும் படியேற்றி வந்தபோது மூன்றாம் மாடி ஆச்சி கதவைத் திறந்து, “டிவியா?” என்று கேட்டார். “இல்ல ஆச்சி, கம்ப்யூட்டர்” என்று நான் கட்டடத்துக்கே கேட்கும்படி கத்தினேன்.

மலேசியாவில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களின் சேமநிதி அப்போது மூன்று கணக்குகளாகப் பிரிந்திருந்தது. 60 விழுக்காடு முதல் கணக்கில், 55 வயதுக்காக. 30 விழுக்காடு இரண்டாம் கணக்கில், வீடு வாங்க எடுக்கலாம். 10 விழுக்காடு மூன்றாம் கணக்கில், பெரிய நோய் வந்தால் எடுக்கலாம். 2000-இல் அரசாங்கம் அந்தச் சேமிப்பிலிருந்து கணினி வாங்கவும் பணம் எடுக்கலாம் என்று அறிவித்தது. வீட்டுக்கு ஒரு கணினி என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1996-இல் மகாதீர் மல்டிமீடியா சூப்பர் கோரிடோரைத் தொடங்கியிருந்தார். சைபர்ஜெயா எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிச் சபைகூடலில் தலைமையாசிரியர் வாரம் ஒருமுறையாவது “கணினி தெரியாதவன் இனிமே கண்ணு தெரியாதவன்” என்பார். பள்ளியில் இருந்த கணினிகளோ ஐந்துதான். அந்த அறைக்கு எப்போதும் பூட்டு.

அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். 1997, 98 நெருக்கடியில் ரிங்கிட் சரிந்து, 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று நிறுத்தப்பட்டதெல்லாம் பத்திரிகையில் வந்த செய்தி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘ஓ.டி. இல்ல’. இரண்டு வருடம் ஓவர்டைம் இல்லாமல் ஓடியது. அந்த நேரத்தில்தான், கொள்கலன் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டிருந்த தன் கூட்டாளிகள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போவதை அப்பா பார்த்தார். அவர்கள் இருந்த மேசையில் கணினி வந்து உட்கார்ந்துவிட்டது. “பெட்டி வந்து ஆள எழுப்பிடுச்சி. எம்புள்ளைங்க எழுந்திருக்கிற பக்கம் இருக்கக் கூடாது, பெட்டி பக்கம் இருக்கணும்” என்றார்.

அம்மாவுக்கு விருப்பமில்லை. இரண்டாம் கணக்குப் பணத்தை அவர் வீட்டு முன்பணமாக மனசுக்குள் எடுத்து வைத்திருந்தார். “வயசான காலத்துக் காச எடுத்துப் பொம்ம வாங்குறீங்க” என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. அம்மா ஒன்றை இரண்டாம் தடவை சொல்லாவிட்டால் அது தீர்ந்தது என்று அர்த்தமில்லை, உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். இது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

ஒரு சனிக்கிழமை கிள்ளான் நிலையத்தில் கொமூட்டர் ஏறினோம். பிரிக்பீல்ட்ஸில் சித்தப்பா வீடு. அவர் ரயில்வேயில் வேலை செய்தவர், குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். பக்கத்தில் கே.எல். சென்ட்ரல் கட்டிக்கொண்டிருந்தார்கள், பகல் முழுக்க இரும்பு அடிக்கும் சத்தம். சித்தப்பாவுக்குக் கணினி பற்றி எங்களைவிட இரண்டு வார்த்தை கூடுதலாகத் தெரியும்: ‘ரேம்’, ‘ஹார்ட்டிஸ்க்’. அந்த இரண்டு வார்த்தையை நம்பி மூவரும் புக்கிட் பிந்தாங்குக்குப் போனோம். இம்பி பிளாசாவும் அதற்குப் பக்கத்தில் 1999-இல் திறந்த லோயாட் பிளாசாவும்தான் அன்று கணினிக்கு ஊர்.

ஒரு கடையில் அப்பா சேமநிதி என்று சொன்னதும் விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். கணினி வேண்டாமென்றால் ரசீது மட்டும் போட்டுத் தருவதாகவும், பணம் வந்ததும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பதாகவும் மலாயில் சொன்னார். பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அந்தத் திட்டம் அதிக நாள் ஓடவில்லை, நிறுத்திவிட்டார்கள். இப்படி நடந்த தில்லுமுல்லும் அதற்கு ஒரு காரணம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஓ.டி. இல்லாத வீட்டில் கையில் கிடைக்கும் இரண்டாயிரம் வெள்ளி சின்னத் தொகை இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். “வா” என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இன்னொரு கடையில் 2,850 வெள்ளிக்குப் பேசி முடித்தோம். செலரான், 64 எம்.பி. ரேம், 15 அங்குலக் குண்டு மானிட்டர், விண்டோஸ் 98. பணம் வந்து, சித்தப்பாவின் கூட்டாளி வேனில் பெட்டிகள் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அம்மா கணினிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். பழைய கைலியைக் கிழித்து உறை தைத்தார். அப்பா அட்டவணை எழுதி ஒட்டினார்: அக்காவுக்கு ஒரு மணி நேரம், எனக்கு ஒரு மணி நேரம், ‘படிப்புக்கு மட்டும்’. அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் அட்டவணையில் இல்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவேயில்லை.

படிப்புக்கு மட்டும் வந்த கணினியில் முதலில் வந்து சேர்ந்தது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. வகுப்பு நண்பன் ஒருவன் வட்டில் கொண்டு வந்தான். ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டுப் படம்பிடித்து, அந்த அசைவைப் பார்த்து வரைந்த 1989-ஆம் ஆண்டு விளையாட்டு. சிறையிலிருந்து தப்பி இளவரசியை மீட்க 60 நிமிடம்தான். முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். தரையெல்லாம் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்கும். காசு கொடுத்து வாங்கியவனிடம்தான் கையேடு இருக்கும். எங்களிடம் ஏது? குத்துமதிப்பாகக் குடிப்போம். எந்தப் பக்கம் கேட்டால் எந்த எழுத்து என்று பட்டு அறிந்ததை என் கணித நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். கிள்ளானில் பாதிப் பிள்ளைகள் அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

அப்புறம் பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய குறுவட்டில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். அதில் பூசாரி ‘வொலோலோ’ என்று மந்திரம் சொன்னால் எதிரி ஆள் நம் நிறத்துக்கு மாறிவிடுவான். நானும் பக்கத்து வீட்டுப் பையனும் கூடத்தில் அப்படியே கத்துவோம். அக்கா சாமி கும்பிடும்போது பின்னால் நின்று நான் ‘வொலோலோ’ சொல்லி, அப்பாவிடம் ரோத்தான் வாங்கியிருக்கிறேன்.

அக்கா படிவம் நான்கு. அவள் கணினியில் ஒரே ஒரு உருப்படியான வேலை செய்தாள். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த சின்னக் கோயிலுக்குத் தமிழில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாள். முரசு அஞ்சல் மென்பொருள்தான். முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கி வளர்த்த முரசு, உலகம் முழுக்கப் போனாலும் எங்களுக்கு அது உள்ளூர்ச் சரக்கு. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது அக்கா அந்தச் செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். அவளுடைய தமிழில் ஒற்று இருக்காது. அதனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவார். அம்மா ஆறாம் ஆண்டோடு நின்றவர்தான், ஆனால் வீட்டிலேயே நல்ல தமிழ் அவருடையது.

எனக்குத் தெரிந்து அம்மாவுக்கும் கணினிக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். நோட்டீஸ் திருத்துவது, உறையைத் துவைப்பது.

விண்டோஸோடு வரும் மைன்ஸ்வீப்பரை நாங்கள் ‘வெடி கேம்’ என்போம். கட்டங்களுக்கு அடியில் கண்ணிவெடி. ஒரு கட்டத்தைத் திறந்தால் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி என்று ஓர் எண் வரும். அதை வைத்துக் கணக்குப் போட்டு வெடி இல்லாத கட்டங்களை மட்டும் திறக்க வேண்டும். முதல்முறை பார்த்தபோது அம்மா முகம் சுளித்தார். அந்த ஏப்ரலில்தான் ஆனையிறவு விழுந்திருந்தது. தமிழ் நாளிதழ்களில் தினமும் ஈழப்போர்ச் செய்தி. “அங்க நெசமாவே காலு போவுது. இதுல என்னா வெளாட்டு?” என்றார். அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அந்த விளையாட்டைத் தடை செய்யச் சொல்லி இத்தாலியில் ஓர் இயக்கமே நடந்தது. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் வெடிக்குப் பதிலாகப் பூ வைத்து விளையாடும் வழியும் இருந்தது.

எளிய நிலையில் 10 வெடிகள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் பெயரைக் கேட்டுச் சாதனைப் பட்டியலில் போடும். நான் 34 விநாடி. அக்கா 31. நான் 28. இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பட்டியலைத் திறந்தால் 23 விநாடி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கிறுக்கல். தலையில் புள்ளி வைத்த எழுத்து, கொம்பு முளைத்த எழுத்து, வால் உள்ள எழுத்து. மலாயும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அக்காவிடம் கேட்டேன். “எனக்குத் தெரியாது” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு உடனே வைரஸ் என்று தோன்றிவிட்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகத்தையே ஆட்டியதும், பள்ளியில் ஆசிரியர் அதைப் பற்றிப் பயமுறுத்தியதும் நினைவில் இருந்தது. வைரஸ் வந்தால் 2,850 வெள்ளி போச்சு. பட்டியலை அழிக்க அதிலேயே ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினேன். எல்லாம் 999 ஆனது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே கிறுக்கல். இந்த முறை 19 விநாடி.

இதற்கு நடுவே இன்னொன்று நடந்தது. அப்பாவுக்கு ஒரு பழக்கம். காலை ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்ததும் நேராகக் கணினியிடம் போய் மானிட்டரின் தலையில் கை வைப்பார். சூடு இருந்தால் நாங்கள் அட்டவணை மீறி விளையாடியிருக்கிறோம். ஒரு நாள் நான் ஒன்றரைக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கியே போய்விட்டேன். அப்பா கை வைத்துப் பார்க்க, மானிட்டர் கொதிக்கிறது. எழுப்பி அடித்தார். நான் தொடவேயில்லை என்று அழுதேன். அம்மா சமையலறையில் இருந்தார். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது என் சட்டைப் பையில் இரண்டு வெள்ளியைச் செருகினார். வழக்கமாக எழுபது காசுதான். எதற்கு என்று கேட்டேன். “வேணாம்னா குடு” என்றார். நான் கொடுக்கவில்லை.

19-ஐப் பார்த்த அன்று பட்டியலை மட்டும் அழித்தால் போதாது என்று முடிவு செய்தேன். கன்ட்ரோல் பேனலில் போய் அந்த விளையாட்டையே எடுத்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்: “கம்ப்யூட்டர்ல வைரஸ் இருந்துச்சிப்பா. நானே கண்டுபிடிச்சி தூக்கிட்டேன்.” அப்பா பூரித்துப்போனார். “பாத்தியா, காசு வீணாப் போவல” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

2008-இல் அப்பாவுக்கு 55 ஆனது. சேமநிதி முழுவதையும் எடுத்து, நானும் அக்காவும் கொஞ்சம் போட்டு, கிள்ளானிலேயே பழைய ஒருமாடி வீடு ஒன்று வாங்கினோம். அப்பா பழைய அறிக்கைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். 2001-இல் ஈவு 5 விழுக்காடு, 2002-இல் 4.25, அப்படியே 2007-இல் 5.8 வரை. கணினிக்கு எடுக்காமல் விட்டிருந்தால் அந்த 2,850 ஏறக்குறைய 4,000 ஆகியிருக்கும் என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

வீடு மாற்றச் சாமான் கட்டும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கணினி வந்தது. கைலி உறை அப்படியே இருந்தது. நான் வெடி கேம் வைரஸ் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

“அது வைரஸ் இல்லடா. அம்மா பேரு.”

நோட்டீஸ் திருத்த உட்கார்ந்த அம்மா, ஒரு கட்டத்தில் தானே தட்டிப் பழக ஆசைப்பட்டிருக்கிறார். மவுஸ் கைக்கு அடங்கவில்லை. அம்புக்குறி எங்கேயோ ஓடும், இடதா வலதா என்று குழம்பும். அதற்காக அக்கா வெடி கேமைத் திறந்து கொடுத்திருக்கிறாள். நாங்கள் பள்ளிக்கும் அப்பா ஷிஃப்டுக்கும் போன பிறகு, சோறு வைத்து முடித்து, அம்மா விளையாடியிருக்கிறார். சாதனை முறிந்து பெயர் கேட்டபோது முரசில் தமிழில் தட்டியிருக்கிறார். அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத சின்னப் பெட்டியில் தமிழ் தெரியாது, அடியில் இருக்கும் ஐரோப்பிய எழுத்துதான் தெரியும். அக்கா அதை விளக்கியபோது அம்மா, “பரவால்ல, அது நான்தான்னு எனக்குத் தெரியும்ல” என்றாராம்.

“ஏன் சொல்லல நீ?” என்று அக்காவிடம் கோபப்பட்டேன்.

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. வேணாம் வேணாம்னு சொன்னவங்களே ஒக்காந்து வெளாடுறாங்கன்னு தெரிஞ்சா அப்பா என்னா நெனைப்பாருன்னு பயம்.”

நான் அந்த விளையாட்டை எடுத்த மறுநாள் அம்மா அக்காவிடம், “அவன் எடுத்துட்டான்ல, விடு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கணினி முன்னால் உட்காரவில்லை. நோட்டீஸைக்கூடத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால்தான் திருத்தினார்.

அம்மா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பத்து வயதில் விடியுமுன் பாட்டியோடு போய்ப் பால்மரத்து மங்கு துடைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாராம். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடமும் நின்றது. பிறகு தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். சின்ன வயதில் என்ன விளையாடுவீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, யோசித்துப் பார்த்து, “மத்தவங்க வெளாடுறத பாப்போம்” என்றார்.

கணினியில் எங்கள் விளையாட்டுக்கு ஒரு சாக்கு இருந்தது. “புள்ளைங்க கம்ப்யூட்டர் பழகுதுங்க” என்று அப்பாவே வந்தவர்களிடம் சொல்வார். அம்மாவின் விளையாட்டுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆனால் உண்மை நேர்மாறானது. விண்டோஸில் சொலிட்டேரும் மைன்ஸ்வீப்பரும் வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அதுவரை மவுஸையே தொடாத பெரியவர்கள் பயமில்லாமல் கை பழக அவைதான் உதவின. அட்டையை இழுத்து வைக்கும்போது இழுக்கப் பழகும். கொடி நடும்போது வலது பக்கத்தை அமுக்கப் பழகும். எங்கள் வீட்டில் அந்த விளையாட்டு அம்மாவுக்குத்தான் பொருந்தியது. நான் இளவரசனாக ஓடி ஒன்றும் பழகவில்லை. பழகிக்கொண்டிருந்தவரைத்தான் எழுப்பிவிட்டேன். பெட்டி வந்து ஆளை எழுப்பும் என்று அப்பா பயந்தார். எங்கள் வீட்டில் பெட்டி யாரையும் எழுப்பவில்லை.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவர் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். “நெட்டுல எல்லாம் எம்பேரு எதுக்கு?” என்று மறுத்துவிட்டார். அதனால் எழுதவில்லை.

போன தீபாவளிக்கு மறுநாள், விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு, என் மடிக்கணினியில் வெடி கேமைத் தேடித் திறந்து அம்மா முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மவுஸ் வேண்டும் என்றார். எடுத்து மாட்டிக் கொடுத்தேன். முதல் இரண்டு தடவை வெடித்தது. மூன்றாவது ஆட்டத்தில் என் மகள் பக்கத்தில் வந்து நின்று, எண் எதற்கு என்று கேட்டாள். “ஒன்னுன்னா, சுத்தி இருக்கிறவங்கள்ல ஒருத்தன்தான் கெட்டவன். அவன் யாருன்னு தெரிஞ்சிட்டா மத்தவங்கள தைரியமாத் தொடலாம்” என்று திரையிலிருந்து கண் எடுக்காமல் சொல்லிக் கொடுத்தார்.

முடித்துவிட்டு, “எத்தன செகண்டு?” என்றார்.

“நாப்பத்தி ஒன்னும்மா.”

“முன்ன பத்தொம்போதுல முடிப்பேன்” என்று சொல்லி, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார்.